காலண்டர் ஆண்டுகளும் ஒரு தளபதியின் பெயரும்: ரஷ்ய வான்குடைப் படையின் மார்கெலோவ் பதக்கம்

விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதித்துப் போரிடும் படைக்கு, நீண்ட காலம் பணியில் இருந்ததற்கென்று தனிப் பதக்கம் எதற்கு? ரஷ்யாவின் ‘தளபதி மார்கெலோவ்’ பதக்கத்தைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் முதலில் எழக்கூடிய கேள்வி இதுதான். வான்குடைப் படைகள் உலகெங்கும் தங்களைத் துணிச்சலால் அடையாளப்படுத்திக்கொள்பவை. தொப்பியின் நிறம், மார்பில் குத்திய சிறகுச் சின்னம், குதித்த எண்ணிக்கை ஆகியவைதான் அங்கே ஒருவரின் மதிப்பைச் சொல்லும். அப்படிப்பட்ட படையில், ஒருவர் எத்தனை ஆண்டு பணியில் நீடித்தார் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கும் பதக்கம் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் இருப்பவரோ நாற்பது வயது வரை வான்குடைப் படையில் இல்லாதவர். இந்தப் பதக்கம் உண்மையில் எதைக் கௌரவிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பதக்கத்தின் விதி ஒன்றைச் சொல்கிறது, அதன் பெயர் வேறொன்றைச் சொல்கிறது, அது பிறந்த ஆண்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் விடை கிடைக்காது.

பதக்கமும் அதன் விதியும்

‘தளபதி மார்கெலோவ்’ பதக்கம் 2005 மே 6 அன்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தால் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வெற்றியின் 60ஆம் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் வான்குடைப் படைக்கு 75 வயது நிறைந்தது. படையில் 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ நேர்மையாகப் பணியாற்றியவர்களுக்குத் தரப்படும் இது அரசு விருது அல்ல, அமைச்சக விருது. குடியரசுத் தலைவர் வழங்கும் அரசு விருதுகள் தனி அடுக்கு. அமைச்சகப் பதக்கங்கள் சீருடையில் அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

அந்த 15 ஆண்டுகளை எண்ணும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. விதி காலண்டர் ஆண்டுகளைக் கேட்கிறது. ரஷ்ய இராணுவத்தில் பணிக்காலத்தை எண்ண இரண்டு வழிகள் உண்டு. காலண்டர் கணக்கு ஒன்று, சலுகைக் கணக்கு மற்றொன்று. ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது சலுகைக் கணக்கு. ஆப்கானிஸ்தான் போரில் ஒரு மாதம் பணியாற்றினால் மூன்று மாதமாக எழுதினார்கள். ஆபத்தான, கடினமான வேறு பணிகளுக்கும் காலத்தைக் கூட்டி எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆக, ஓய்வூதியம் ஆபத்தைக் கணக்கில் எடுக்கிறது, பதக்கம் எடுப்பதில்லை. போர்முனையில் கழிந்த ஓராண்டும் பயிற்சி முகாமின் கிடங்கில் கழிந்த ஓராண்டும் இந்தப் பதக்கத்துக்கு ஓராண்டுதான்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. காரணத்தை அறிய, ஆண்டுகளுக்குப் பதக்கம் தருவதில் சோவியத் ஒன்றியம் சந்தித்த குழப்பத்தைப் பார்க்க வேண்டும்.

ஆண்டுகளுக்கு வீரப் பதக்கம்: ஒரு சோவியத் குழப்பம்

1944 ஜூன் 4 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இராணுவத்தில் 10 ஆண்டு முடித்தவருக்கு ‘போர்ச் சேவைக்காக’ பதக்கம், 15 ஆண்டுக்குச் செந்நட்சத்திர விருது, 20 ஆண்டுக்குச் செங்கொடி விருது, 25 ஆண்டுக்கு லெனின் விருது, 30 ஆண்டுக்கு இரண்டாவது செங்கொடி விருது. இவை எல்லாமே போரில் காட்டிய தீரத்துக்கும் தரப்பட்டுவந்த விருதுகள். போர் உச்சத்தில் இருந்தபோது புதிதாக ஒரு பதக்கத்தை உருவாக்குவதைவிட இருப்பதையே பயன்படுத்துவது எளிது என்று நினைத்திருக்கலாம்.

விளைவு என்ன ஆயிற்று? அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர் மார்பிலும் செந்நட்சத்திரம், பீரங்கிக்கு முன்னால் நின்றவர் மார்பிலும் செந்நட்சத்திரம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. மொத்தமாக 38 லட்சத்துக்கு மேற்பட்ட செந்நட்சத்திர விருதுகள் வழங்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி போருக்கு உரியது என்றாலும், பணிக்காலத்துக்காகச் சேர்ந்தவையும் அதே குவியலில்தான் கிடக்கின்றன. சோவியத் அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்பவர்களுக்கு இது இன்றும் தலைவலி. ஒரு தளபதிக்கு மூன்று செங்கொடி விருதுகள் என்று படித்தால், அவற்றில் எது சண்டைக்கு, எது நாட்காட்டிக்கு என்று ஆணையின் தேதியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

1957 செப்டம்பரில் இந்த நடைமுறையை நிறுத்தினார்கள். அதற்கு மாற்றாக வந்தது ‘களங்கமற்ற பணிக்காக’ என்ற பதக்கம். 10, 15, 20 ஆண்டுகளுக்கு மூன்று வகுப்புகள். 1976இல் 25 ஆண்டு முடித்தவர்களுக்காக ‘சோவியத் ஆயுதப் படைகளின் மூத்த வீரர்’ பதக்கமும் சேர்ந்தது. ஒன்றியம் கலைந்த பின் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 1995இல் அதே 10, 15, 20 என்ற படிகளில் ‘இராணுவப் பணியில் சிறப்புக்காக’ என்ற பதக்கத்தை நிறுவியது.

இந்த வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, காலத்தைத் தீரத்திலிருந்து பிரித்து எண்ணும் வழக்கம் அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம். மார்கெலோவ் பதக்கம் காலண்டரை மட்டும் பார்ப்பது அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. இரண்டு, 2005இல் 15 ஆண்டு பணிக்கு ஏற்கெனவே ஒரு பதக்கம் இருந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும் அது கிடைக்கும். அப்படியிருக்க, வான்குடைப் படைக்கு மட்டும் அதே அளவுகோலில் இன்னொன்று ஏன்? எல்லா நாடுகளும் இப்படிச் செய்வதில்லை. இந்திய இராணுவத்தில் 9, 20, 30 ஆண்டுகளுக்கான நீண்டகாலப் பணிப் பதக்கங்கள் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. 1971 டிசம்பரில் தங்காயிலில் குதித்த பாராசூட் பட்டாலியனுக்கும் தனியாக எதுவும் கிடையாது. அவர்களுடைய தனித்தன்மை செந்நிறத் தொப்பியோடும் சிறகுச் சின்னத்தோடும் முடிந்துவிடுகிறது.

குதிப்பும் மடிப்பும்

வான்குடைப் படைக்குத் தனிப் பதக்கம் தந்தே ஆக வேண்டும் என்றால், குதிப்புகளின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்திருக்கலாமே என்ற வாதம் இயல்பானது. அமெரிக்க இராணுவம் அதைச் சின்னங்களில் செய்கிறது. அடிப்படைச் சின்னத்துக்கு 5 குதிப்புகள், அடுத்த நிலைக்கு 30 குதிப்புகளும் குதிக்கும் பொறுப்பில் 24 மாதங்களும், உயர்நிலைக்கு 65 குதிப்புகளும் 36 மாதங்களும். சோவியத் வான்குடை வீரர்களின் சின்னத்திலும், பாராசூட் வடிவ நீல எனாமலுக்குக் கீழே குதிப்பு எண்ணிக்கையைக் காட்டும் சிறு தொங்கல் ஒன்று இருந்தது. ஆகவே எண்ணிக்கையைக் கௌரவிக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. பதக்கம் வேறொன்றை எடுத்துக்கொண்டது.

அந்த வேறொன்று என்ன என்று பார்க்க, பாராசூட் மடிக்கும் மைதானத்துக்குப் போக வேண்டும். நீளமான கித்தான் விரிப்புகள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு பாராசூட், அதன் இரு முனைகளில் வீரர்கள். குடைத்துணியின் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறுகளைச் சிக்கில்லாமல் நேராக்கி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். அதிகாரி வரிசையாக வந்து ஒவ்வொரு விரிப்பையும் பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த கட்டம். ஒருவர் பின்தங்கினால் மொத்த வரிசையும் காத்திருக்கும். ரஷ்யப் படையில் குதிப்பவரே தன் பாராசூட்டை மடிக்க வேண்டும் என்பது விதி. மடித்தவரும் சரிபார்த்தவரும் அதற்குரிய ஏட்டில் கையொப்பம் இட வேண்டும். காற்று கூடிவிட்டால் குதிப்பு ரத்தாகும். மடித்ததோடு அன்றைய வேலை முடிந்துபோகும்.

குதிப்பு சில நிமிடங்களில் முடிகிற காரியம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைதான் இந்தப் படையின் அன்றாடம். அதைத் தாங்குபவர்கள் கட்டாயப் பணிக்கு வந்து போகும் இளைஞர்கள் அல்லர். சோவியத் காலத்தில் அவர்கள் இரண்டாண்டு இருந்தார்கள். 2008 முதல் ஓராண்டுதான். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வருபவர்களுக்கு முதல் மடிப்பிலிருந்து கற்றுத் தர, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும் அதிகாரிகளும் ‘பிராபர்ஷிக்’ எனப்படும் இடைநிலைப் பணியாளர்களும் வேண்டும். பதக்கத்தின் விதி குறி வைப்பது இவர்களைத்தான் என்பது என் வாசிப்பு. அந்தக் கோணத்தில் பார்த்தால், குதிப்பு எண்ணிக்கையைக் கேட்காததும் போர்க்காலத்தைக் கூட்டிக் கணக்கிடாததும் பொருத்தமாகவே தோன்றுகின்றன.

இதற்கு எதிரான வாதத்தையும் சொல்ல வேண்டும். சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யாவில் பதக்கங்கள் பெருகிப் போய்விட்டன என்பது அங்கேயே பரவலாக உள்ள புகார். அமைச்சகங்களும் முன்னாள் வீரர் அமைப்புகளும் போட்டி போட்டுக்கொண்டு பதக்கங்களை வெளியிட்டன. படையின் பிறந்தநாளான ஆகஸ்ட் 2 அன்று கோடு போட்ட சட்டையும் நீலத் தொப்பியும் அணிந்து பூங்காக்களின் செயற்கை நீரூற்றுகளில் இறங்கிக் குளிக்கும் முன்னாள் வீரர்களின் மார்பில் மின்னுவதில் எது அமைச்சகம் தந்தது, எது கடையில் வாங்கியது என்று எட்ட நின்று சொல்ல முடியாது. இந்தக் கூட்டத்தில் மார்கெலோவ் பதக்கமும் ஒன்று என்பவர்கள் முழுக்கத் தவறு செய்யவில்லை. ஆனால் அதற்கு நடைமுறைப் பயனும் இருந்திருக்கிறது. 1995இன் மூத்த வீரர்கள் சட்டப்படி, ‘இராணுவப் பணியின் மூத்த வீரர்’ என்ற தகுதிக்கு 20 ஆண்டு பணி மட்டும் போதாது. ஓர் அரசு விருதோ அமைச்சகச் சிறப்புச் சின்னமோ கூடவே வேண்டும். அந்தத் தகுதியோடு சமூகச் சலுகைகள் வருகின்றன. வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டால் இந்தப் பக்கம் கண்ணில் படாது.

யார் இந்த மார்கெலோவ்?

வசீலி ஃபிலிப்போவிச் மார்கெலோவை ‘வான்குடைப் படையின் முதல் தளபதி’ என்றும் ‘படையை உருவாக்கியவர்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1930 ஆகஸ்ட் 2. அன்று வரோனெஷ் அருகே 12 பேர் ஆயுதங்களோடு குதித்து இறங்கினார்கள். மார்கெலோவ் அப்போது மின்ஸ்கில் அதிகாரிப் பயிற்சியில் இருந்த இளைஞர். 1941இல் வான்குடைப் படைக்கென்று தனித் தளபதி பதவி உருவானபோது அதில் அமர்ந்தவர் வசீலி கிளசுனோவ்.

அதற்கும் முன்னால் போனால் துகாசெவ்ஸ்கியின் பெயர் வரும். வான்வழியாகப் படையை எதிரியின் முதுகுப்புறத்தில் இறக்கும் கருத்தைச் செம்படையில் வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவர். 1935இல் கீவ் இராணுவ வட்டத்தில் நடந்த போர்ப்பயிற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் குதித்ததை வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வியந்து பார்த்தார்கள். அந்த வட்டத்தின் தளபதி யாக்கீர். 1937 ஜூனில் துகாசெவ்ஸ்கியும் யாக்கீரும் ஒரே வழக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் இருவர் மீதும் சுமத்தப்பட்ட பழி நீங்கியது. இருந்தும் வான்குடைப் படையின் பதக்கத்தில் ஏறும் அளவுக்கு அவர்களின் பெயர் திரும்பி வரவில்லை.

போர்க்காலத்திலும் படைக்குப் பெருமை சேர்க்கும் வான்வழிச் சம்பவங்கள் குறைவு. 1942 கோடையில் வான்குடைக் கோர்கள் பத்தைக் காலாட்படை டிவிஷன்களாக மாற்றி ஸ்டாலின்கிராட் பக்கம் அனுப்பினார்கள். 1943 செப்டம்பர் இறுதியில் தினீப்பர் ஆற்றின் மேற்குக் கரையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை இரவில் இறக்கினார்கள். விமானங்கள் சிதறின. வீரர்கள் ஜெர்மானியப் படைகளின் தலைமேலேயே இறங்கினார்கள். இழப்பு பெரிது. அதன் பிறகு அந்தப் போர்முனையில் அவ்வளவு பெரிய வான்வழி இறக்கத்தை ஸ்டாலின் அனுமதிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே தினீப்பரைத் தென்கோடியில் கடந்தவர் மார்கெலோவ். பாராசூட்டில் அல்ல, தரைப்படையோடு. அவருடைய 49ஆவது காவல் காலாட்படை டிவிஷன் 1944 மார்ச்சில் கெர்சோன் நகரை மீட்டது. அதற்காக அவருக்குச் ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ பட்டம் கிடைத்தது. வான்குடைப் படைக்கு அவர் மாறியது 1948இல், ப்ஸ்கோவ் நகரின் 76ஆவது டிவிஷன் தளபதியாக. முதன்முறையாகக் குதித்தபோது வயது நாற்பது. வாழ்நாள் மொத்தத்தில் அவருடைய குதிப்புகள் அறுபதுக்குச் சற்று மேல். அமெரிக்க உயர்நிலைச் சின்னத்தின் அளவுகோலில் அவரும் எல்லைக்கோட்டில்தான் நின்றிருப்பார்!

ஆனாலும் அவர் பெயர் தற்செயலாக நிலைத்ததல்ல. 1954இல் படையின் தளபதி ஆனார். 1959இல் ஒரு படி இறக்கப்பட்டு, 1961இல் திரும்பி வந்து 1979 ஜனவரி வரை இருந்தார். ஏறத்தாழ 23 ஆண்டுகள். பாராசூட்டில் இறங்கும் வீரன் கையில் துப்பாக்கியோடு மட்டும் இறங்கினால் டாங்கிகளுக்கு முன் நிற்க முடியாது என்பதைத் தினீப்பர் தோல்வி காட்டியிருந்தது. அதற்கு அவர் கண்ட வழி கவச வாகனத்தையும் வானிலிருந்து இறக்குவது. வாகனம் ஓரிடத்திலும் ஓட்டுநர் வேறிடத்திலும் இறங்கினால் தேடிச் சேர்வதற்குள் சண்டை கைவிட்டுப் போகும். ஆட்களை உள்ளே வைத்தே வாகனத்தை இறக்க முடிவு செய்தார். 1973 ஜனவரி 5 அன்று துலா அருகே ஆந்தனோவ்-12 விமானத்திலிருந்து ஏறத்தாழ ஏழு டன் எடையுள்ள பி.எம்.டி.-1 வாகனம் பாராசூட்டுகளின் கீழ் இறங்கியது. உள்ளே இருவர். அவர்களில் ஒருவர் மார்கெலோவின் மகன் அலெக்சாந்தர். மகனுக்கு அதற்காக ‘ரஷ்யாவின் வீரர்’ பட்டம் கிடைத்தது 1996இல், 23 ஆண்டுகள் கழித்து.

நீலத் தொப்பியும் கோடு போட்ட உள்சட்டையும் இவர் காலத்தில் வந்தவையே. 1941இல் பால்டிக் கடற்படை மாலுமிகளைக் கொண்ட பனிச்சறுக்கு ரெஜிமென்டுக்கு அவர் தலைமை தாங்கியபோது அந்தச் சட்டையின் மீது பற்று வந்ததாகச் சொல்வார்கள். தரைப்படைக்கு மாலுமிச் சட்டையா என்று கடற்படைத் தளபதி கோர்ஷ்கோவ் எதிர்த்ததாக ஒரு கதையும் உலவுகிறது. வேடிக்கை என்னவென்றால், கோர்ஷ்கோவ் பெயரிலும் இதே அமைச்சகம் ஒரு பதக்கம் வைத்திருக்கிறது. வீரர்கள் மார்கெலோவை வாசியா மாமா என்றார்கள், படையை வாசியா மாமாவின் படை என்றார்கள். அவர் தளபதியாக இருந்தபோதுதான் 1956இல் ஹங்கேரியிலும் 1968இல் செக்கோஸ்லொவாக்கியாவிலும் இந்தப் படை இறக்கிவிடப்பட்டது. பதக்கத்தைப் பற்றிய பாராட்டுரைகளில் இந்த இரண்டு ஆண்டுகளும் அதிகம் இடம்பெறுவதில்லை.

ஆகப் பெயரிலும் ஒரு நியாயம் தென்படுகிறது. ஒரே பொறுப்பில் மொத்தம் ஏறத்தாழ 23 ஆண்டு நின்று கருவியையும் பயிற்சியையும் உடையையும் மாற்றிய ஒருவரின் பெயர், ஆண்டுகளை எண்ணும் பதக்கத்துக்கு ஒத்துப்போகிறது. சாகசக்காரரின் பெயரை வைத்திருந்தால் விதியோடு முரண்பட்டிருக்கும்.

2005இலிருந்து பின்னோக்கி எண்ணினால்

பதக்கம் பிறந்த ஆண்டு சொல்வது இதுவரை போதுமான கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். கணக்கு எளியது. 2005இல் 15 காலண்டர் ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும் என்றால், 1990க்குள் பணியில் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது முதல் தொகுதியாக இதைப் பெற்ற அனைவரும் சோவியத் ஒன்றியத்துக்கு உறுதிமொழி எடுத்தவர்கள். இடையில் 1991இல் அந்த அரசே இல்லாமல் போனது. பதக்கம் அந்த முறிவைப் பார்க்காமல் இரண்டு அரசுகளின் ஆண்டுகளையும் ஒரே வரிசையில் எண்ணியது.

அந்த 15 ஆண்டுகளில் இவர்களில் பலருக்கு நிலமே நிலையாக இருக்கவில்லை. லித்துவேனியாவின் கௌனாஸில் இருந்த 7ஆவது டிவிஷன் 1993இல் கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்குக்கு வந்து சேர்ந்தது. அஜர்பைஜானிலிருந்து 104ஆவது டிவிஷன் உல்யானோவ்ஸ்குக்கு வந்தது. உக்ரைனின் போல்கிராதில் இருந்த 98ஆவது டிவிஷன் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி ரஷ்யாவின் இவானோவோவுக்குப் போனது, மற்றது உக்ரைன் இராணுவத்தில் சேர்ந்தது. வித்தெப்ஸ்கின் 103ஆவது டிவிஷன் பெலாருஸுக்குச் சொந்தமாயிற்று. அதிகாரிகளுக்கு வீடில்லை, சம்பளம் தாமதம், செச்னியாவில் அடுத்தடுத்து இரண்டு போர்கள். 1996இல் படையைக் குறைக்கும் திட்டம் வந்தபோது, முன்னாள் வான்குடை வீரரான லெபெத் வெளிப்படையாகவே அதை எதிர்த்தார். தனிப் படையாக நீடிப்போமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், பொதுப் பதக்கம் ஒன்று இருக்கும்போதே தனிப் பதக்கம் எழுந்த காரணம் விளங்குகிறது. விலகாமல் தங்கிய அதிகாரிகளுக்குத் தரக்கூடிய பணம் அரசிடம் குறைவாக இருந்தது. தொடர்ச்சி என்ற உணர்வைத் தருவதற்குச் செலவு அதிகமில்லை. 1990 முதல் 2005 வரையான ஆண்டுகளை வாசியா மாமாவின் படையின் ஆண்டுகளாக மாற்றிக் கொடுத்தது இந்தப் பதக்கம். மார்கெலோவ் இறந்ததும் 1990இல்தான், மார்ச் 4 அன்று. ஒன்றியம் உடைவதை அவர் பார்க்கவில்லை. அந்த உடைவின் இரு பக்கத்தாரும் சண்டையிடாத பெயராக அவர் பெயர் மிஞ்சியது.

எட்டாதவர்கள்

2000 பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய நாட்களில் செச்னியாவின் 776ஆம் குன்றில் ப்ஸ்கோவ் டிவிஷனைச் சேர்ந்த ஆறாவது கம்பெனி ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. 84 பேர் இறந்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 6 பேர். ‘ரஷ்யாவின் வீரர்’ பட்டம் பெற்ற 22 பேரில் 21 பேருக்கு அது இறந்த பின் வந்தது. இவர்களில் பெரும்பாலோர் 15 ஆண்டு என்ற கணக்குக்குப் பக்கத்தில்கூட வராத இளைஞர்கள். அரசு அவர்களுக்கு உயர்ந்த பட்டம் தந்தது என்பது உண்மை. ஆனால் நீண்ட பணிக்கான எந்தப் பதக்கமும் பிழைத்திருந்தவர்களின் பதக்கமாகவே இருக்க முடியும். இதில் மார்கெலோவ் பதக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படையின் பெருமையை இந்தப் பதக்கத்தை வைத்து அளக்கும் எழுத்துகளில் இந்த வரம்பு சொல்லப்படாமல் போவதுதான் குறை.

எல்லைக்கு அப்பால் அதே நாட்காட்டி

போல்கிராதில் உக்ரைன் பக்கம் தங்கிய அதிகாரிகளும் அதே சோவியத் உறுதிமொழியை எடுத்தவர்கள்தாம். அவர்களும் நீலத் தொப்பி அணிந்தார்கள், ஆகஸ்ட் 2ஐக் கொண்டாடினார்கள். 2014 போருக்குப் பின் நிலைமை மாறியது. 2017 நவம்பரில் உக்ரைன் தன் வான்குடைப் படைக்குப் புதிய பெயர் சூட்டியது. நீலத்துக்குப் பதில் செந்நிறத் தொப்பியை எடுத்துக்கொண்டது. விழா நாளை ஆகஸ்ட் 2இலிருந்து நவம்பர் 21க்கு மாற்றியது. வரோனெஷில் குதித்த 12 பேரோடும் வாசியா மாமாவோடும் இருந்த உறவை அரசாணையால் முடித்துக்கொண்டது.

மார்கெலோவ் பிறந்த யெக்காதெரினோஸ்லாவ் இன்றைய உக்ரைனின் தினீப்ரோ நகரம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்ய வான்குடைப் படை கீவ் அருகே ஹோஸ்டோமெல் விமானத்தளத்தில் ஹெலிகாப்டர்களில் இறங்கியது. நகரைப் பிடிக்கும் திட்டம் பலிக்கவில்லை. தெற்கே, மார்கெலோவ் 1944 மார்ச்சில் மீட்ட கெர்சோனை ரஷ்யா 2022 மார்ச்சில் பிடித்து, நவம்பரில் கைவிட்டது. தினீப்பரின் இடது கரைக்குப் பின்வாங்கிய படைகளில் வான்குடைப் பிரிவுகளும் இருந்தன. 2007இல் வான்குடைப் படையில் சேர்ந்த அதிகாரி ஒருவர் அந்த ஆண்டு 15 காலண்டர் ஆண்டுகளை முடித்திருப்பார். பதக்கத்துக்கான தகுதி அவருக்கு வந்துவிட்டது. அதன் முகப்பில் இருப்பவர் தன் பெயரை ஈட்டிய நகரத்தை அவருடைய படை அதே ஆண்டில் விட்டுவிட்டு வந்திருந்தது.